கடல் பூங்காவின் பின்கட்டு: தனிக் காசு கொடுத்துப் பார்க்கலாமா?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். ஜூலையில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறார். எட்டு வயதுப் பேரன் அங்குள்ள சீவேர்ல்ட் என்ற கடல் பூங்காவுக்குப் போயே ஆகவேண்டும் என்கிறான். நுழைவுச் சீட்டு போக, பின்பக்கத்தைச் சுற்றிக் காட்டும் டூருக்கு ஒரு கட்டணம், டால்பினைத் தொட இன்னொரு கட்டணம், பெங்குவின் பக்கத்தில் போக வேறொரு கட்டணம் என்று மகள் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். எதை எடுப்பது, எல்லாமே தண்டமா, அடைத்து வைத்த பிராணிகளைக் காசு கொடுத்துப் பார்ப்பது பாவம் இல்லையா என்று மூன்று கேள்வி.

சார், என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்பக்க டூரை எடுங்கள். டால்பினைத் தொடுவதை விட்டுவிடுங்கள். பெங்குவின் உங்கள் இஷ்டம். பாவ புண்ணியத்துக்கு அப்புறம் வருகிறேன், அது ஒரு வரியில் முடியாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் ஓர் அக்வேரியத்தில் ஆறு வருஷம் சனிக்கிழமை தோறும் சம்பளமில்லாமல் மீன் வெட்டினவன் நான். சீவேர்ல்டில் வேலை பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு மூன்று முறை அங்கே பின்பக்கம் போயிருக்கிறேன். மூன்று முறையும் வழி கொஞ்சம் கொஞ்சம் மாறியது. அன்றைக்கு எந்தத் தொட்டியில் வேலை நடக்கிறது, எந்தப் பிராணிக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பொறுத்து மாற்றுவார்கள். அதனால் இதையெல்லாம் கண்டிப்பாகக் காட்டுவார்கள் என்று பேரனிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

நம் பழைய வீடுகளில் வந்தவர்களை முன்கட்டில் உட்கார வைப்போம். அடுப்பு, கிணறு, அம்மி, நோய்ப்படுக்கை எல்லாம் பின்கட்டில். கடல் பூங்காவும் அப்படித்தான். முன்னால் இருக்கும் மேடையும் பாட்டும் தண்ணீர் தெறிப்பதும் யூட்யூபிலேயே கிடைக்கும். பின்னால் சமையலறை, தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம், ஆஸ்பத்திரி.

சமையலறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நான் அறிந்த இடம் அதுதான். மீன் வருவது உறைந்த கட்டியாக, அட்டைப் பெட்டியில். ஹெர்ரிங், கேப்லின், கானாங்கெளுத்தி, கணவாய். ஹெர்ரிங் நம் மத்திக்கு ஒன்றுவிட்ட சகோதரன், கொழுப்பு அதிகம். கேப்லின் பார்க்கக் கொஞ்சம் நீண்ட நெத்திலி மாதிரி இருக்கும், கொழுப்பு குறைவு, தண்ணீர்ச் சத்து கூடுதல். எடை கூடவேண்டிய பிராணிக்கு அதைக் கூட்டு, குறையவேண்டியதற்கு இதைக் கூட்டு என்று கணக்கு. முதல் நாள் இரவே குளிர்பெட்டியில் வைத்து மெதுவாக இளக விடுவார்கள். மிச்ச இறுக்கத்தைக் காலையில் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் போக்குவார்கள். வெந்நீர் கூடாது, வெளியே போட்டு வைப்பதும் கூடாது. இளகியதும் ஐஸ் மேல். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கும் பேச்சே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். கண் கலங்கியிருக்கிறதா, வயிறு வெடித்திருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா. நான் சேர்ந்த முதல் மாதம், ஓரத்தில் லேசாகக் கிழிந்த நாலைந்து ஹெர்ரிங்கை, நல்ல மீன்தானே என்று வாளியில் போட்டேன். பராமரிப்பாளர் வந்து ஒன்றும் பேசாமல் வாளி முழுவதையும் கவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து பொறுக்கச் சொன்னார். கிழிந்த இடத்தில்தான் கிருமி குடியேறும். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கும் பாட்டிகள் அந்த அறையில் முதல் நாளே தேறிவிடுவார்கள்.

ஒவ்வொரு வாளியிலும் பிராணியின் பெயர், எந்த மீன் எத்தனை கிலோ என்ற சீட்டு. சில மீன்களின் செவுளுக்குள் மாத்திரை செருகியிருப்பார்கள். வழிகாட்டி வைட்டமின் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், நீங்கள் நிறுத்திக் கேளுங்கள். ஹெர்ரிங், ஸ்மெல்ட் போன்ற மீன்களில் தயமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. மீன் செத்த பிறகும் அது வைட்டமின் பி1ஐ உடைத்துக்கொண்டே இருக்கும். உறைய வைத்து மாதக்கணக்கில் வைக்கும்போது வைட்டமின் ஈயும் குறைந்துபோகும். இதைச் சரிக்கட்டாமல் உறைந்த மீனையே போட்டுக்கொண்டிருந்தால் பிராணிக்கு நரம்புக் கோளாறு வந்து வலிப்பில் போய் நிற்கும். அதனால்தான் மாத்திரை.

இன்னொன்று, ஜெலட்டின் கட்டி. டால்பின் கடலிலேயே கிடந்தாலும் கடல் தண்ணீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை. அதற்கு வேண்டிய தண்ணீர் மீனின் உடம்பிலிருந்தும், கொழுப்பு செரிக்கும்போதும் கிடைப்பதுதான். உறைந்து இளகிய மீனில் தண்ணீர் கொஞ்சம் வடிந்துபோயிருக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட, சுவையில்லாத ஜெலட்டினைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். சில டால்பின்கள் மீனைவிட அதைத்தான் ஆவலாகக் கேட்கும். பேரனுக்கு இது பிடிக்கும், ஜெல்லி சாப்பிடும் டால்பின்!

தண்ணீர் இயந்திரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே சத்தம்தான் அதிகம். சான் டியகோ பூங்கா 1964ல் மிஷன் பே என்ற கடற்கழியின் ஓரத்திலேயே கட்டப்பட்டது. அதனால் தண்ணீர் அந்தக் கழியிலிருந்தே வருகிறது. அதே நிறுவனம் ஃப்ளோரிடா மாநிலத்தில் வைத்திருக்கும் ஆர்லாண்டோ பூங்கா, 1973ல் திறந்தது, கடலிலிருந்து வெகு தூரம். அங்கே உப்பைக் கரைத்துத்தான் கடல் செய்யவேண்டும். மணல் வடிகட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பொறியாளர் யாராவது உங்களோடு வந்தால் அவரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் நகரலாம்.

பயிற்சி நடக்கும் இடத்துக்கு வருவோம். மேடையில் டால்பின் குதிக்கும்போது பயிற்சியாளர் வாயில் ஒரு விசில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கட்டளை இல்லை. ‘நீ இப்போது செய்தது சரி’ என்று அந்த நொடியைக் குறித்துக் காட்டும் ஓசை. டால்பின் தொட்டியின் நடுவில் குதிக்கிறது, மீன் கொடுக்கும் கை கரையில் இருக்கிறது. திரும்பி வருவதற்குள் எதற்காக மீன் கிடைத்தது என்பது அதற்குப் புரியாமல் போகும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளிக்கு விசில் ஒரு பாலம். அவர்கள் தொழிலிலும் அதைப் பாலம் என்றே சொல்கிறார்கள். நன்றாகச் செய்ததற்கு எப்போதும் மீன்தான் என்றும் இல்லை. நாக்கைத் தடவுவது, ஐஸ் துண்டு, ஒரு பொம்மை, தண்ணீர்க் குழாயால் பீய்ச்சுவது என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள்.

வெளியே காட்டாத பயிற்சி ஒன்று உண்டு, அதைப் பார்க்கக் கிடைத்தால் கொடுத்த காசு வசூல். நான் இரண்டாவது முறை போனபோது பார்த்தேன். பயிற்சியாளர் கையைக் காட்டினார். டால்பின் மல்லாந்து படுத்து, வாலை அவர் மடியில் கொண்டுவந்து வைத்தது. கால்நடை மருத்துவர் வால் துடுப்பின் அடிப்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து, ஊசி ஏற்றி, ரத்தம் எடுத்தார். டால்பினை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு அது போயிருக்கலாம். ஊசியை எடுத்ததும் விசில், ஒரு கை நிறைய மீன். என் அத்தை பெண்ணின் குழந்தை, ஊசி என்றால் ஊரைக் கூட்டும், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

மூச்சுத் துளைக்கு மேலே ஒரு தட்டைப் பிடித்து ஊதச் சொல்லி, அதில் ஒட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், வயிற்றில் ஸ்கேன் வைப்பதும் இப்படிப் பழக்கித்தான் நடக்கின்றன. வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள்: இங்கே எந்தெந்தப் பிராணி தானாக வந்து ரத்தம் கொடுக்கும், எதை இன்னும் பிடித்துத்தான் எடுக்கவேண்டியிருக்கிறது? இதைக் கேட்டால் அவர் பேச்சு மாறிவிடும். மனப்பாடத்தை விட்டுவிட்டு நம்மோடு பேச ஆரம்பிப்பார்.

கரை ஒதுங்கும் கடல் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் மீட்பு மையத்தைப் பெரும்பாலும் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். கலிஃபோர்னியாக் கரையில் கடற்சிங்கங்கள் (சீ லயன்) உடம்புக்கு முடியாமல் ஒதுங்குவது வருஷா வருஷம் நடப்பது. பசியில் மெலிந்த குட்டிகள், தூண்டில் நரம்பு கழுத்தை அறுத்தவை, அப்புறம் டொமாயிக் அமிலம். ஒரு வகை நுண்பாசி பெருகும்போது உண்டாகும் நஞ்சு அது. பாசியைச் சின்ன மீன் தின்னும், மீனைக் கடற்சிங்கம் தின்னும், நஞ்சு மூளைக்குப் போய் வலிப்பு வரும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி குரலைத் தாழ்த்தச் சொல்வார், சில இடங்களில் பேசவே விடமாட்டார். திரும்பக் கடலுக்குப் போகவேண்டிய பிராணி மனிதக் குரலையும் மீனையும் சேர்த்துப் பழகிவிடக் கூடாது. பழகினால் நாளைக்குப் படகைத் தேடி வரும், அடிபடும். பேரனிடம் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள்.

இந்த மையத்தின் பெரிய கதை ஜேஜே என்ற சாம்பல் திமிங்கலக் குட்டி. 1997 ஜனவரியில், பிறந்து சில நாட்களே ஆன நிலையில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மரினா டெல் ரே கரையில் தாயில்லாமல் கிடைத்தது. குட்டி என்றால் முக்கால் டன். லாரியில் ஏற்றி சான் டியகோ கொண்டுவந்தார்கள். திமிங்கலப் பாலில் கொழுப்பு மிக அதிகம், கடையில் கிடைக்குமா? கெட்டி க்ரீமும் அரைத்த மீனும் மற்றதும் கலந்து, குழாய் வழியாகப் புகட்டினார்கள். பதினான்கு மாதத்தில் அது எட்டு டன்னைத் தாண்டியது. அதற்கு மேல் வைத்துக்கொள்ள இடமில்லை. 1998 மார்ச் 31 அன்று கடலோரக் காவல்படைக் கப்பலில் ஏற்றிக் கடலில் இறக்கினார்கள். முதுகில் ரேடியோக் கருவி ஒட்டி அனுப்பினார்கள், இரண்டொரு நாளில் அது கழன்றுவிட்டது. அதற்கப்புறம் அது எங்கே போனது என்பது யாருக்கும் தெரியாது. வழிகாட்டிகள் இந்தக் கதையைக் கரையில் கிடைத்ததிலிருந்து கப்பலில் ஏற்றியது வரை சொல்வார்கள். கருவி கழன்ற பாகத்தை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

பெங்குவின் கூடத்துக்கு நீங்கள் வருவது ஜூலையில். உள்ளே வெளிச்சம் மங்கலாக இருந்தால் கரண்ட் போய்விட்டதோ, ஏமாற்றுகிறார்களோ என்று நினைக்காதீர்கள். அண்டார்டிகாவில் அப்போது குளிர்காலம், சூரியன் வெளியே வராத மாதங்கள். கூடத்தின் விளக்கையும் அந்தக் கணக்குப்படி கூட்டிக் குறைப்பார்கள். முட்டையிடுவதும் இறகு உதிர்வதும் அந்த வெளிச்சக் கடிகாரத்தை நம்பித்தான் நடக்கின்றன. 1980ல் அண்டார்டிகாவுக்கு வெளியே முதல் எம்பரர் பெங்குவின் குஞ்சு பொரிந்தது இங்கேதான். தனிக் கட்டணத்தில் பக்கத்தில் போனால் ஒரு பெங்குவினைத் தொடவிடுவார்கள், அதன் மூக்கு உங்கள் சட்டைப் பொத்தானைக் குறி வைக்கும். உள்ளே உறைகுளிர், கூடவே பழைய மீன் நாற்றம். ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள், நாற்றத்துக்கு வழியில்லை.

சரி, டால்பினைத் தொடுவதை ஏன் வேண்டாம் என்கிறேன்? தொட்டுப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். உரித்த அவித்த முட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தடவினால் எப்படியோ அப்படி. அந்த மேல்தோல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும். அந்த அனுபவம் சில நிமிஷம்தான், அதில் பாதி ஃபோட்டோவுக்குப் போகும். வரிசையில் நம்மோடு சேர்த்து எட்டுப் பத்துப் பேர். டால்பின் எல்லோரையும் ஒரே சிரிப்போடு பார்க்கும். அது சிரிப்பே இல்லை, தாடையின் அமைப்பு அப்படி. நோவு வந்தாலும் அப்படித்தான் இருக்கும். போய் வந்து பேரன் சொல்ல என்ன இருக்கும், ‘வழவழவென்று இருந்தது’. பின்பக்கம் போய் வந்தால் மீன் செவுளில் மாத்திரை வைத்ததை ஒரு வாரம் சொல்லுவான்.

இனி பாவம். 1969ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியக் கடலில் பிடித்த ஓர்க்கா, அதாவது கொலைத் திமிங்கலம், ஒன்றின் பெயர் கார்க்கி. 1987ல் சான் டியகோவுக்கு வந்தது. அந்த வகை ஓர்க்காக்களில் பிள்ளைகள் வளர்ந்தும் தாயை விட்டுப் போவதில்லை, கூட்டுக்குடும்பம். கார்க்கியின் குடும்பம் அதே கடலில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் நீந்தக்கூடிய பிராணிக்கு எந்தத் தொட்டியும் தொட்டிதான். 2010ல் ஆர்லாண்டோவில் திலிக்கம் என்ற ஆண் ஓர்க்கா தன் பயிற்சியாளரைக் கொன்றது. 2013ல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்து கூட்டம் குறைந்தது. 2016 மார்ச்சில், இனி ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்ய வைக்கமாட்டோம் என்று நிறுவனமே அறிவித்தது. இருப்பவை கடைசித் தலைமுறை. நம் நாட்டில் 2013 மே மாதமே மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு முன், 1998ல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். சில மாதங்களில் அவை செத்துப்போயின.

என் கணக்கு இது. ஓர்க்காவையும் டால்பினையும் வைத்திருப்பது தவறு என்றே நினைக்கிறேன். அந்தச் சமையலறையில் விடிகாலை ஐந்து மணிக்கு மீன் பொறுக்குகிறவர்கள் கொடுமைக்காரர்கள் என்று நினைக்கவில்லை. கடற்சிங்கத்தை மீட்பது உண்மை, அந்த மீட்பை வைத்து மேடைக் காட்சிக்கு நல்ல பெயர் தேடுவதும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு போகலாம். மனசு ஒப்பவில்லை என்றால் பக்கத்து லா ஹோயாவில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் பர்ச் அக்வேரியம் இருக்கிறது. டால்பின், திமிங்கலம் கிடையாது, 2022 முதல் முழங்கால் உயரம்கூட இல்லாத நீலக் குட்டிப் பெங்குவின்கள் உண்டு. அதற்கும் மனசில்லையா, லா ஹோயா கோவ் கரைக்குப் போங்கள். பாறை மேல் காட்டுக் கடற்சிங்கங்கள் கட்டணமில்லாமல் படுத்துக் கிடக்கும், குரைக்கும், நாறும். கிட்டே போய் செல்ஃபி எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கடல் பாலூட்டியைத் தொந்தரவு செய்தால் அபராதம்.

போவதென்று முடிவானால் இரண்டு மூன்று விஷயம். டூர் கட்டணத்தில் நுழைவுச் சீட்டு சேர்ந்திருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சேராது. விலை நாளுக்கு நாள் மாறும். குழந்தைக்கு வயது வரம்பு டூருக்கு டூர் வேறு. தரை எப்போதும் ஈரம், செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவும் நடக்கவும் வேண்டும், முட்டி வலி இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் போகும் டூர் எதையாவது எடுத்தால் உங்களோடு வரும் பெண்களிடம் வளையல், மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அங்கே கழற்றச் சொல்வார்கள், சங்கடம். கழன்று விழும் எதையும் டால்பின் விழுங்கிவிடும் என்பதுதான் காரணம்.

கடைசியாக நேரம். கிடைப்பதிலேயே முதல் டூரைப் பதிவு செய்யுங்கள். சமையலறை வேலை விடியும் முன் ஆரம்பித்து முற்பகலோடு ஓய்ந்துவிடும். மதியம் போனால் கழுவிக் கவிழ்த்த வாளிகளையும் ப்ளீச் வாசனையையும்தான் பார்ப்பீர்கள்.